முதல் பூ பிள்ளையாருக்கு

1

தபால் பெட்டியில் ஒரு சீட்டு கிடந்தது. பார்சல் கொண்டுவந்தோம், நீங்கள் வீட்டில் இல்லை, அஞ்சலகத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளவும் என்று அச்சடித்த வாசகம். நான் வீட்டில்தான் இருந்தேன். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அந்த மனிதர் ஏறவில்லை, அவ்வளவுதான். ஆகஸ்ட் வெயிலில் அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

முன்பெல்லாம் எனக்கு இப்படிச் சீட்டு வந்ததே இல்லை. பக்கத்து வீட்டு யோகம் அக்கா கீழே மணி அடித்ததும் இறங்கிப் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிவிடுவார். நான் வேலை முடிந்து படியேறும்போதே தன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். "பிள்ளை, உனக்கொரு பெட்டி வந்தது. பாரமில்லை" என்பார். பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவருக்கு அன்றிரவு தூக்கம் வராது. இப்போது அந்தக் கதவில் வேறொரு பெயர் ஒட்டியிருக்கிறது. நல்ல பையன், படியில் பார்த்தால் போன்ஜூர் சொல்வான். ஒரு வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அஞ்சலகத்தில் வரிசை. என் முறை வந்ததும் அடையாள அட்டை கேட்டார்கள். என் குடியிருப்பு அட்டை காலாவதியாகி, புதியது வரும்வரை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த தற்காலிகத் தாள்தான் கையில் இருந்தது. இந்த ஊருக்கு 2009-இல் வந்தேன். அன்றிலிருந்து பாதி நாட்கள் இந்தத் தாளோடுதான் ஓடியிருக்கின்றன. அந்தப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மதாம் பழனிச்சாமி?" என்றாள். அது என் அப்பா பெயர். கடவுச்சீட்டில் ஏதோ ஒரு கட்டத்தில் அப்பா என் குடும்பப் பெயராகிவிட்டார். செல்வி என்ற என் பெயரைச் சொல்லிக் கூப்பிட இந்த நகரத்தில் யாரும் இல்லை. மதாம் பழனிச்சாமியாகவே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

பெட்டி ஜெர்மனியிலிருந்து வந்திருந்தது. உள்ளே ஈரப்பாசியில் பொதிந்து மூன்று நாற்றுகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு. சமையல் மேடையில் வைத்துவிட்டு, நின்றபடியே அழுதேன். இதை எழுத உட்காரக் காரணமும் அந்தப் பெட்டிதான்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு நான் பாரீஸில் என்ன வேலை பார்க்கிறேன் என்பது இன்னும் பிடிபடவில்லை. நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருக்கும் என் அண்ணன், கேட்பவர்களிடம் "பாப்பா அங்க செடி டாக்டரு" என்று சொல்லி முடித்துவிடுவார். நானும் திருத்துவதில்லை. ஒரு தாவரவியல் தோட்டத்தின் கண்ணாடிக் கூடத்தில் வெப்பநாட்டுச் செடிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதிலும் என் பங்குக்கு வந்தது புரோமிலியாடு என்னும் குடும்பம்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அந்தக் குடும்பத்தில் ஒருவர் நமக்கு நன்றாகத் தெரிந்தவர்தான்: அன்னாசி. கொல்லிமலையிலிருந்து இறங்கி நாமக்கல் பேருந்து நிலையத்தில் குவிந்து கிடக்கும் அதே அன்னாசி. அதன் உறவுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் அமெரிக்கக் கண்டங்களில் இருக்கிறார்கள். பெரும்பாலோர் மண்ணில் கால் வைப்பதே இல்லை. மரத்தின் மேலேயே வாழ்க்கை. இலைகள் ஒன்றையொன்று அணைத்துக் கிண்ணம் மாதிரி நிற்கும். மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கும். அதுதான் செடியின் குடிநீர்.

வந்த சில வருடங்களில் ஈக்வடார் நாட்டு மலைக்காட்டுக்கு என்னை அனுப்பினார்கள். ஆந்திஸ் மலையின் கிழக்குச் சரிவு. காலையில் மேகம் கீழேயிருந்து ஏறி வந்து காட்டுக்குள் புகுந்துகொள்ளும். எதிரே நிற்கும் ஆள் தெரியாது. அங்கே ஒரு பெரிய மரத்தை அண்ணாந்து பார்த்தால் மரம் தெரியாது, இவர்கள்தான் தெரிவார்கள். வெயில் படும் உச்சியில் சாம்பல் பூத்த முடி மாதிரித் தொங்குபவை, நடுக்கிளைகளில் சிவப்பும் பச்சையுமாகப் பெரிய கிண்ணங்கள், நிழலான அடிமரத்தில் புள்ளி போட்ட சின்னவை. அந்தக் கிண்ணத் தண்ணீரில் தவளை குஞ்சு பொரிக்கும், பூச்சி முட்டையிடும், குருவி வந்து குடித்துவிட்டுப் போகும். ஒரு மரத்தை வெட்டினால் ஒரு தெருவே காலியாகும் என்று அங்கேதான் புரிந்தது.

ஒரு முகட்டில் மட்டும் ஒரு வகை இருந்தது. சிவப்புத் தண்டு, அதில் ஊதாப் பூக்கள். வேறெங்கும் நாங்கள் பார்க்கவில்லை. அறிவியல் பெயர்கூட இன்னும் வைக்கப்படவில்லை. இந்தக் குடும்பத்துச் செடிகள் பெரும்பாலும் ஒரே ஒருமுறை பூத்து, அடியில் குட்டிகளை விட்டுவிட்டுச் சாகும். இது குட்டியும் விடாது. விதை ஒன்றுதான் வழி. அதற்கும் தன் மகரந்தம் தனக்கு ஆகாது, இன்னொரு செடியின் மகரந்தம் வேண்டும். இத்தனை கண்டிஷன் போடும் செடி எப்படித்தான் பிழைத்ததோ என்று நினைத்துக்கொள்வேன்.

பிழைக்கவில்லை. அந்த முகட்டில் சாலை வந்தது, பின்னாலேயே மாட்டுக்கு மேய்ச்சல் நிலம் வந்தது. மிச்சத்தைக் கிறிஸ்துமஸ் குடில் அலங்காரத்துக்குப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அதற்குள் அந்த நாட்டுத் தோட்டக்காரர்கள் சில இளஞ்செடிகளைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். உரிய தாள்களோடு ஒன்றை எங்களுக்கும் ஒன்றை ஜெர்மனியில் ஒரு தோட்டத்துக்கும் அனுப்பினார்கள். ஈக்வடாரில் இருந்தவை ஒரு வறட்சியில் போய்விட்டன. ஆக, உலகத்திலேயே பாரீஸில் ஒன்று, ஜெர்மனியில் ஒன்று. எங்கள் செடியின் தாள்களுக்குக் காலாவதித் தேதி கிடையாது என்பதை நான் பொறாமையோடு கவனித்திருக்கிறேன்.

3

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கோடையில் கண்ணாடிக் கூடத்தின் கூரையை மாற்ற வேண்டியிருந்தது. செடிகளை ஊழியர்கள் ஆளுக்குச் சிலவாக வீட்டுக்குக் கொண்டுபோனோம். இந்தச் செடி என்னோடு, ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தது. மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கீழே காய்கறிக் கடை அண்ணை பார்த்துவிட்டு, அன்னாசி வீட்டிலேயே காய்க்கப்போகிறதா என்று கேட்டார். அந்தத் தெருவில் எனக்கு அன்னாசி மிஸ் என்று பெயர்.

வேலைக்குப் போகும் நாளெல்லாம் இலையில் தண்ணீர் தெளிக்க ஆள் வேண்டும். யோகம் அக்காவிடம் ஏற்கெனவே என் வீட்டுச் சாவி ஒன்று இருந்தது. ஒருமுறை கதவு தானாகச் சாத்திக்கொண்டு நான் படியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "ஒரு திறப்பை என்னட்டைத் தா பிள்ளை, தனிய இருக்கிறவைக்கு அது வேணும்" என்று அவரே கேட்டு வாங்கி, சிவப்பு நூல் கட்டித் தன் சாமிப்படத்தடியில் வைத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கணவர் இந்த ஊர் உணவகச் சமையலறைகளில் உழைத்து இங்கேயே இறந்துபோனார். ஒரே மகன் புறநகரில், வில்லியே லே பெல்லில் குடும்பத்தோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தி தொலைபேசியில் பிரெஞ்சில் பேசுவாள். அக்கா தமிழில் பதில் சொல்வார். இரண்டு பேரும் சீக்கிரமே வைத்துவிடுவார்கள்.

செடியைப் பார்த்ததும் அக்கா செய்த முதல் காரியம், அதைச் சாய்த்துக் கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டியது. தண்ணீர் தேங்கினால் கொசு, அவர் பேச்சில் நுளம்பு, பெருகும், நுளம்பு பெருகினால் டெங்கு வரும், அவர் ஊரில் சுகாதாரப் பரிசோதகர் வந்து தண்டம் எழுதிவிடுவார். பாரீஸில் அப்படி யாரும் வரமாட்டார் என்று சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. காட்டில் தவளைகள் அந்தத் தண்ணீரில்தான் குடித்தனம் நடத்துகின்றன என்று சொன்னபோது கொஞ்சம் இளகினார்.

அப்படியென்றால் இது மரத்தின் சாற்றைக் குடிக்கும் குருவிச்சையா என்று அடுத்த சந்தேகம்.

"இல்லைங்க்கா. மரத்து மேல உக்காந்திருக்கும், அவ்வளவுதான். தண்ணி, சாப்பாடு எல்லாம் மழையிலயும் காத்துலயும் தானே தேடிக்கும்."

"அப்ப வாடகைக்கு இருக்குது எண்டு சொல்லு" என்றார் அக்கா. அன்றிலிருந்து தண்ணீரைக் கொட்டவில்லை.

மாலைகளில் அக்கா தெளிப்பானோடு வந்தால் போக மாட்டார். தேநீர் போடுவேன். பேச்சு எங்கோ போகும். எனக்குத் தனிமை பழகிவிட்டது என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பொய். தனிமை யாருக்கும் பழகுவதில்லை. அந்தக் கோடையில் எனக்கு அது கொஞ்சம் குறைவாக இருந்தது, அவ்வளவுதான்.

4

ஆகஸ்ட் கடைசியில் எங்கள் செடியின் நடுவிலிருந்து சிவப்புத் தண்டு எழுந்தது. பதினைந்து வருடச் செடிக்கு இதுதான் முதலும் கடைசியும். ஜெர்மனித் தோட்டத்தில் அந்த இன்னொரு செடியைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் கூப்பிட்டார். அவர்கள் செடியும் அதே வாரம் பூக்கத் தொடங்கிவிட்டதாம். வெவ்வேறு நாட்டில், ஒரே நேரத்தில். அந்த மனிதர் அதிகம் பேசாதவர். அன்று தொலைபேசியில் சிரித்தார். தன் செடியின் மகரந்தத்தைச் சின்னக் குப்பியில் அடைத்து அனுப்பினார். என் குளிர்பெட்டியில் தயிருக்குப் பக்கத்தில் அது காத்திருந்தது. எங்கள் பூ திறந்ததும் அதை வைக்க வேண்டும். ஒரு பூ காலையில் திறந்தால் மாலையில் வாடிவிடும். மொட்டுகள் ஒவ்வொன்றாக வரும் என்பதால் அவகாசம் இருந்தது. வேலை எளிது, பொறுமைதான் வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருக்களில் பிள்ளையார் கோயில் தேர். விடிந்தபோது மொட்டுகள் இறுக மூடியிருந்தன. கூடத்தில் மிச்சமிருந்த செடிகளுக்குத் தண்ணீர் விட என் முறை. பிரான்ஸில், ஊரே விடுமுறைக்குப் போய்விடும் ஆகஸ்டில் வேலைக்கு வருபவர்கள் என்னைப் போல் போக இடமில்லாதவர்கள்தான். செடியைப் பார்த்துக்கொள்ள அக்காவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தண்ணீர் தெளிக்கச் சொன்னேன், வெயில் பட்டால் திரையை இழுக்கச் சொன்னேன். பூவைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை. பூவைப் பற்றி என்ன சொல்வது?

மதியம் திரும்பினேன். தெரு முழுக்கச் சனம். உடைத்த தேங்காய்கள் மலைமலையாகக் கிடந்தன. இளநீர் ஓடிச் செருப்பு வழுக்கியது. கற்பூரப் புகையில் கண் எரிந்தது. ஒருவழியாக மேலே ஏறிக் கதவைத் திறந்தேன். செடி அதே இடத்தில் இருந்தது. நடுவே தண்டு இல்லை. கத்தரியால் நறுக்கிய சுத்தமான வெட்டு.

அக்காவைத் தேடிக் கீழே ஓடினேன். பட்டுச் சேலையில், நெற்றி நிறைய விபூதியோடு, கடை வாசலில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"பிள்ளை, உன்ரை செடி தேர் நாளிலதான் பூத்தது. ஊதா நிறத்தில என்ன வடிவு. முதல் பூ பிள்ளையாருக்குத்தானே? தண்டோடை வெட்டி, உன்ரை பேருக்கு அருச்சனைத் தட்டில வச்சுக் குடுத்திட்டன்."

அங்கே கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பிடுங்கினார்கள், இங்கே பிள்ளையாருக்குப் பறித்துவிட்டார்கள், இந்தச் செடிக்குச் சாமிகளே ஆகவில்லை என்று கத்த வேண்டும் போல் இருந்தது. கோபத்தைவிடப் பெரிதாக இன்னொன்றும் இருந்தது. என் பெயருக்கு அர்ச்சனை என்றார். செல்வி என்று இந்த நகரத்தில் ஐயர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வர, அந்தச் செடிக்கு விதை வேண்டும், அதற்கு இனி வேறு பூ வராது, இந்த வகையே முடிந்தது என்று சொல்லிவிட்டேன்.

அக்காவின் முகம் வாடிப்போனது. பிறகு, அந்தப் பூ இப்போது கையில் இருந்தால் ஏதாவது செய்யலாமா என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் எனக்கே புத்தி வந்தது. எங்கள் செடியில் இனி விதை பிடிக்காது. ஆனால் அந்தப் பூவின் மகரந்தம் ஜெர்மனிச் செடிக்குப் போகலாம். அங்கே இன்னும் சில மொட்டுகள் மிச்சம் இருந்தன. பூவில் தண்ணீர் பட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

5

சாமிக்கு வைத்த பூவைத் திருப்பிக் கேட்பது எங்கள் ஊரிலும் இல்லை, அவர்கள் ஊரிலும் இல்லை. ஆனால் சாமி பார்த்த பூவைப் பிரசாதமாக வாங்கலாம். அக்கா அந்த வழியைப் பிடித்துக்கொண்டார். தனக்கென்று யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத மனுஷி, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் புகுந்தார். முட்டியும் இடித்தும், "விடுங்கோ, கொஞ்சம் விடுங்கோ" என்று சொல்லியும் தேர்வடம் வரை போனோம். தேரின் மேலே ஐயர் வேர்த்து வடிந்துகொண்டிருந்தார். எங்கள் தண்டு பிள்ளையாரின் காலடியில் ரோஜாக்களுக்கு மேலே கிடந்தது. குங்குமம் ஒரு பக்கம் பட்டிருந்தது.

அக்கா கையை ஏந்தினார். ஐயர் ஒரு செவ்வந்தியைப் போட்டார். அக்கா கையை எடுக்கவில்லை. இன்னொரு செவ்வந்தி விழுந்தது.

"ஐயா, அந்தச் சிவப்புத் தண்டு எங்கடை வீட்டுப் பூ. பிள்ளையார் பார்த்திட்டார். இனி எங்களுக்குத் தாங்கோ."

பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். ஐயர் ஒரு கணம் அக்காவைப் பார்த்தார், பிறகு தண்டை எடுத்து அவர் கையில் வைத்தார். அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனார். நான் பதறித் தடுப்பதற்குள் அவரே நிறுத்திவிட்டு, பூ தன் மேல் படாமல் தூக்கிப் பிடித்தபடி கூட்டத்திலிருந்து வெளியே வந்தார்.

பூவின் உட்புறம் நனையவில்லை. சமையலறை மேசையில் வைத்து, சிறு தூரிகையால் மகரந்தத்தை எடுத்தேன். ஈரம் உறிஞ்சப் போட வேலையிடத்துச் சாமான் எதுவும் கையில் இல்லை; அக்கா ஒரு பிடி அரிசியை வறுத்து ஆறவைத்துக் கொண்டுவந்தார். குப்பியில் அரிசியும் மகரந்தமும் பக்கத்துப் பக்கத்தில் போயின. தண்டைத் தண்ணீரில் நிறுத்தினேன்; மறுநாள் இன்னொரு மொட்டும் திறந்தது, அதிலிருந்தும் எடுத்தேன். அன்றே அஞ்சலகத்தில் பதிவுத் தபாலில் சேர்த்தோம். அக்கா கூடவே வந்தார். முத்திரை குத்தும்வரை அங்கிருந்து நகரவில்லை.

ஜெர்மனியில் கடைசி மொட்டுகளில் அதை வைத்தார்கள். பல மாதம் கழித்து நண்பர் கூப்பிட்டு, காய் வெடித்தது என்றார். விதையில் பாதியை ஈக்வடாருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குள் என் செடி இலை இலையாகப் பழுப்பேறிச் செத்துவிட்டிருந்தது.

6

அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல அக்காவின் கதவைத் தட்டியபோது வீட்டில் அட்டைப் பெட்டிகள் கிடந்தன. முழங்கால் மோசமாகிவிட்டது, மூன்று மாடி ஏற முடியவில்லை, மகன் தன்னோடு வரச் சொல்லிவிட்டார். காய் வெடித்ததைச் சொன்னேன். பிள்ளையார் கைவிடமாட்டார் என்றார். நானும் தலையாட்டினேன். போகும் நாளன்று சிவப்பு நூல் கட்டிய என் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். அதைக் கையில் வாங்கியபோதுதான் அவர் போகிறார் என்பது உறைத்தது. சாவியைக் கைப்பையில் என் சாவிக்குப் பக்கத்திலேயே போட்டு வைத்தேன். அதன் பிறகு இரண்டையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு அலைந்தேன்.

அண்ணன் தொலைபேசியில் கேட்பார்: "ஏங் கண்ணு, தனியா அங்க என்னத்துக்கு? எப்ப வர்றே?" குடியிருப்பு அட்டை வரட்டும் என்பேன். அட்டை வந்தால் வேறொரு காரணம் சொல்வேன். விருந்தாளியைப் போல் வாங்கோ என்று கூப்பிடாமல், வந்துவிடு என்று கூப்பிடும் ஒரு வீடு இருப்பது நல்லதுதான். ஆனால் அங்கே போனால் என் கையில் என்ன வேலை இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

7

அந்த விதையில் முளைத்து வந்த மூன்று நாற்றில் இரண்டு தோட்டத்துக்குப் போகும். ஒன்று என் வீட்டில் இருக்க வேண்டும் என்று முடிவு. அழியப்போகிற எதையும் ஒரே கூரையடியில் வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் விதி. அந்த ஒன்றை அக்காவுக்குக் காட்டத் தயிர்க் கிண்ணத்தில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை ரயிலும் பேருந்தும் மாறி வில்லியே லே பெல்லுக்குக் கொண்டுபோனேன்.

அக்கா மெலிந்திருந்தார். பேத்தியின் அறையில்தான் அவருக்கும் கட்டில். அந்தச் சின்னப்பெண் நாற்றைப் பார்த்துவிட்டு, இது அன்னாசியா என்று பிரெஞ்சில் கேட்டாள். அன்னாசிக்குச் சொந்தம் என்று நானும் பிரெஞ்சில் சொன்னேன். அக்கா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு கிண்ணத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்.

"இதுதான் அந்தப் பூவின்ரை பிள்ளையோ?"

"ஆமாங்க்கா."

எப்போது பூக்கும் என்று கேட்டார். பத்துப் பதினைந்து வருடம் ஆகும் என்றேன். அப்போது நான் பிள்ளையாரோடு நேரில் கதைத்துக்கொண்டிருப்பேன் என்று சிரித்தார். முதல் பூவைப் பற்றி இருவரும் பேசவில்லை. பேத்தி அறையைவிட்டுப் போனதும் அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"நீ வேலைக்குப் போனா இதுக்கு ஆர் தண்ணி தெளிக்கிறது? திறப்பு ஆரிட்டை இருக்கு?"

கைப்பையைத் திறந்து சிவப்பு நூல் கட்டிய சாவியை எடுத்து அவர் கையில் வைத்தேன். அங்கிருந்து என் வீட்டுக்கு வர அவருக்குப் பேருந்து, ரயில், அதற்குப் பிறகு மூன்று மாடி. வரமுடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அக்கா அதைத் தன் கைப்பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார். வாசல்வரை வந்து, போய்ச் சேர்ந்ததும் போன் செய்யச் சொன்னார்.

திரும்பும் ரயிலில் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு கைப்பையைத் துழாவிப் பார்த்தேன். ஒரு சாவிதான் இருந்தது.